பக்கத்தில் நின்றவள் பெயரில்

கூடைப்பந்து ஆட்டம் முடிந்து விசில் ஊதிய பிறகும் நான் நோட்டை மூடவில்லை. கடைசி இரண்டு கூடைகளை யார் பெயரில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூர் அடுகோடி மைதானத்தில் எனக்கென்று ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதன் கால் ஒன்றில் விரிசல் இருந்ததால் வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. சுவருக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை விடுமுறை நாளிலும் ஓடிக்கொண்டிருந்தது. சுட்ட இரும்பு வாசனையும் பக்கத்துத் தர்ஷினி ஓட்டலிலிருந்து வடை வாசனையும் மாறி மாறி வந்தன.

நோட்டின் மேல் ஒரு சொட்டு வியர்வை விழுந்து நீல மை கலைந்தது. திரும்பிப் பார்த்தேன். பதினான்காம் எண் பனியனோடு பவானி என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றிருந்தாள்.

"இன்னா சார் இது, எனக்கு மட்டும் இத்தினி கோடு?"

எதிரணி போட்ட கூடைகள் அவை என்றேன். கூடை விழும்போது போட்டவளுக்கு மிக அருகில் நம் அணியில் யார் இருக்கிறாரோ, அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. ஒன்பது வருஷமாக இதுதான் என் முறை.

அவள் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அது நான் தடுக்க வேண்டிய ஆளே இல்ல சார். வேற ஒருத்தி வுட்டுட்டா, நான் ஓடிப்போய் நின்னேன். போகாம இருந்திருந்தா உங்க நோட்டுல நான் நல்லவளா?"

முறை என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தர்ஷினிப் பக்கம் போய்விட்டாள். நான் அந்த இரண்டு கூடைகளையும் அவள் பெயரிலேயே எழுதி நோட்டை மூடினேன்.

இந்தக் கட்டுரைத் தொடரில் இதுவரை மற்றவர்கள் செய்த தவறுகளைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். நீங்கள் தவறே செய்ததில்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வியில் இருந்த கிண்டல் நியாயமானது.

துணை ஆட்டக்காரிகள்

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் தலைமை உதவி ஆசிரியர். ஞாயிறு கூடைப்பந்து லீக் பற்றித் திங்கட்கிழமை இதழில் அரைப் பத்தி எழுதுவது என் வேலையில் சேர்ந்ததல்ல; ஆசைக்காகச் செய்தேன். நோட்டும் அப்படித்தான் வந்தது.

கூடைப்பந்து பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு அணியிலும் இரண்டு மூன்று பேர்தான் நட்சத்திரங்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேலை இருக்கும். ஒருத்தி மூலையில் போய் நிற்பாள். பந்து வந்தால் வளையத்தைப் பார்த்து எறிவாள். இன்னொருத்தி எதிரணியின் சிறந்த ஆட்டக்காரியின் நிழலைப் போல ஒட்டிக்கொள்வாள். பெஞ்சிலிருந்து இறங்கி ஏழெட்டு நிமிஷம் அந்த ஒரு வேலையைச் செய்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

அடுகோடிப் பெண்கள் அணியில் அப்படி இருவர். மூலையில் நிற்பவள் நிவேதா. சேலத்திலிருந்து வந்து பொம்மனஹள்ளியில் இருந்த குடும்பம். ஒரு ஐடி கம்பெனியில் ஒப்பந்த வேலை. அவள் கையை விட்டுப் பந்து போகும்போதே கூட்டம் எழுந்து நின்றுவிடும். ஒட்டிக்கொள்பவள் பவானி. அல்சூர்க்காரி. அப்பா பெயிண்ட் அடிக்கும் வேலை. அவள் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்குவதற்கே வாரா வாரம் மேனேஜரோடு சண்டை போடுவாள்.

இரண்டாவது கால்பகுதியில் இருவரும் சேர்ந்து இறங்குவார்கள். நிவேதா எறியும் பந்து விழுந்தால் என் நோட்டில் அவளுக்கு ஒரு வட்டம். பவானி ஒட்டிக்கொண்டிருப்பதால் எதிரணிக்காரியின் கைக்குப் பந்தே வராமல் போனால் அதற்கு நோட்டில் இடமில்லை. நடந்ததை எழுதுவதற்குத்தான் நான் பழகியிருந்தேன்.

என் வேலை ஃபவுல் செய்வது

இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வேலூரில் கல்லூரியில் படித்தபோது நானும் பெஞ்ச் ஆட்டக்காரன்தான்.

எறியவும் வராது, எகிறவும் வராது. எங்கள் கோச் கடைசி இரண்டு நிமிஷத்தில் என்னை இறக்குவார். எதிரணியில் யாருக்கு ஃப்ரீ த்ரோ எறிய வராதோ அவனைப் பிடித்து இழுத்து ஃபவுல் செய்ய வேண்டும். கடிகாரம் நிற்கும், அவன் எறிந்து தவறவிடுவான், பந்து எங்களுக்கு வரும். ஐந்து ஃபவுல் ஆனதும் விதிப்படி நான் வெளியே வந்துவிடுவேன். நண்பர்கள் என்னை "அஞ்சு ஃபவுல்" என்றே கூப்பிட்டார்கள். விடுதி மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒருமுறை அந்த முறையில் ஒரு ஆட்டத்தை ஜெயித்தோம். மறுநாள் செய்தித்தாளில் எங்கள் அணியின் பெயர்களும் எதிரே அவரவர் புள்ளிகளும் வந்தன. என் பெயருக்கு நேரே பூஜ்யம். அதை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பேருந்து நிலையத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.

பூஜ்யம் என்று எழுதியவர் மேல் அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்தை நினைவு வைத்திருக்கிறேன். நோட்டு என் கைக்கு வந்தபோது அந்தக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஒரு பக்க அறிக்கை

அந்த சீசன் முடியும் சமயத்தில் மஞ்சுநாத் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு மேனேஜர். கன்னடக்காரர்; தமிழர்களோடு கன்னடம் கலந்த தமிழ்தான் பேசுவார்.

விளையாட்டுக் கோட்டாவில் ஒரே ஒரு நிரந்தர வேலை இருந்தது. தேர்வு ஆட்டங்கள் முடிந்து பவானியும் நிவேதாவும் சமமாக நின்றார்கள். தேர்வுக் குழுவில் இருந்த அதிகாரிகளுக்குக் கூடைப்பந்து தெரியாது. அவர்களுக்குக் காகிதம் வேண்டும்.

"நோடி சார், பெஞ்சுக்குத்தான் ஆள் வேணும். ரெண்டு பேர்ல யாரு மேலுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பேப்பர்காரர் கையெழுத்து இருந்தா முகீத்து, முடிஞ்சுது, கமிட்டியில யாரும் பேசமாட்டாங்க."

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். பவானிக்கு வயது வரம்பில் இதுதான் கடைசி வருஷம். நிவேதாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதை அறிக்கையில் எழுத வேண்டாம், ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒன்பது வருஷம் ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்ததற்கு ஒரு பயன் வந்தது என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்குச் சீக்கிரம் போய் எழுதினேன். தாக்குதல், தடுப்பு என்று இரண்டு தலைப்புகள். தாக்குதலில் நிவேதா மேல். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. தடுப்புக்கு என் கோடுகளைக் கூட்டினேன். பவானி பெயரில் அதிகம். நிவேதா பெயரில் மிகக் குறைவு.

பவானி அன்றைக்குக் கேட்டது எனக்கு நினைவு வந்தது. மறந்துபோனேன் என்று எழுதினால் அது பொய். நினைவு வந்தது, ஆட்டக்காரர்கள் எல்லோரும் தங்கள் கோடுகளுக்குக் காரணம் சொல்வார்கள் என்று ஒதுக்கினேன். பிறகு இந்த வாக்கியத்தை எழுதினேன்:

"பவானியின் தடுப்பாட்டத்துக்கு அணியினரிடையே நல்ல பெயர் உண்டு. பதிவுகள் அதை உறுதி செய்யவில்லை."

எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு சொல் கூடுதல் இல்லை, யாரையும் புண்படுத்தும் சொல் இல்லை. நல்ல வாக்கியம் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

சேலத்துக்காரரின் வீடியோ

நிவேதாவின் அப்பா எல்லா ஆட்டத்துக்கும் வருவார். கைப்பேசியை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு மகளை மட்டும் படம் எடுப்பார். பந்து எங்கே போனாலும் அவருடைய கை மகளை விட்டு நகராது. சேலத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்காக.

அந்த வாரச் சனிக்கிழமை அவர் மூன்று ஆட்டங்களை எனக்கும் அனுப்பினார். அவரைப் பொறுத்தவரை அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. மகள் போட்ட ஷாட்டுகளை நானும் பார்த்து மகிழ வேண்டும், அவ்வளவுதான். பகல் சாப்பாடு முடிந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே மழை வருவது போல் இருட்டிக்கொண்டிருந்தது.

முதல் ஆட்டத்தில் ஷாட்டுகளைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தன. பிறகு நான் பார்க்க நினைக்காத ஒன்று கண்ணில் பட்டது.

படம் முழுக்க நிவேதா. ஆகவே நிவேதா தடுக்க வேண்டிய எதிரணிக்காரியும் படத்தில் இருந்தாள், அவர்களுக்குப் பின்னால் வளையமும் தெரிந்தது. அவள் நிவேதாவைச் சுலபமாகக் கடந்து போனாள். நிவேதா அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தாள். அப்போது படத்தின் ஓரத்திலிருந்து பதினான்காம் எண் ஓடி வந்தது. தன் ஆளை விட்டுவிட்டுக் குறுக்கே வந்து, கையைத் தூக்கி, வளையத்துக்குக் கீழே நின்றது. சில சமயம் எதிரணிக்காரி தயங்கிப் பந்தைத் திருப்பிக் கொடுத்தாள். சில சமயம் பவானியின் கைக்கு மேலே எறிந்தாள், பந்து விழுந்தது. விழுந்தபோது அருகில் இருந்தது பவானி. நிவேதா மூன்று அடி பின்னால்.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று ஆட்டங்களையும் திரும்பப் பார்த்தேன். இருவரும் களத்தில் இருந்த நேரத்தில் பவானி பெயரில் நான் எழுதியிருந்த கோடுகள் பதினொன்று. அவற்றில் அவளுடைய ஆள் போட்டவை இரண்டு. ஏழு, நிவேதாவின் ஆள் போட்டவை. மீதி வேறு இருவருடையவை. தயங்கித் திருப்பிக் கொடுத்த பந்துகளை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அணியில் யார் ஓட்டையை விட்டாலும் அடைக்க ஓடியவள் அவள். ஓடியதற்கு நான் அபராதம் போட்டிருந்தேன். ஓடாமல் நின்றவர்களின் பக்கம் சுத்தமாக இருந்தது.

குழு கூடுவது திங்கட்கிழமை. கைப்பேசி என் கையில்தான் இருந்தது. மஞ்சுநாத்தின் எண்ணும் இருந்தது.

திருத்தப் பெட்டி

இங்கே எங்கள் அலுவலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் நாளிதழில் இரண்டாம் பக்கத்தின் கீழே, இடது மூலையில், திருத்தங்களுக்கு ஒரு சிறிய பெட்டி உண்டு. அதை வைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவன் நான். என்ன வெளியானது, எது சரி, இந்த இரண்டும்தான் அதில் இருக்க வேண்டும். வருத்தம், விளக்கம், சூழ்நிலை எதுவும் கூடாது. வாசகர் போன் செய்யும் முன் நாமே போட வேண்டும்.

ஒருமுறை உதவி ஆசிரியர் ஒருவர் ஒரு கோயில் விழாவை வேறு பேட்டையில் நடந்ததாகப் போட்டுவிட்டார். மறுநாள் தவறைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். யாரும் கவனிக்கவில்லை சார், விட்டுவிடலாமே என்று மெதுவாகக் கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொன்ன பதில், "நீங்க கவனிச்சிட்டீங்க இல்ல?"

அந்தப் பதிலை அலுவலகத்தில் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் மஞ்சுநாத்துக்குப் போன் செய்யவில்லை. செய்தால் ஒன்பது வருஷ நோட்டுகளும் தவறு என்று சொல்ல வேண்டும். வேறு அணிகளின் கோச்சுகள் சிலர் என் முறையைக் கேட்டு எழுதி வாங்கிப் போயிருந்தார்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டும். குழு என் ஒரு பக்கத்தை மட்டுமா பார்க்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு பக்கம் எதற்காகக் கேட்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும். கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு, மழை வருகிறதே என்று மாடியில் துணி எடுக்கப் போனேன்.

அடுத்த வார நடுவில் முடிவு வந்தது. நிவேதா. அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவள் எறிந்தாள், பந்து விழுந்தது. அவளுடைய அப்பா மைசூர்பாகு டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கணக்கு மாதிரி வராதுங்க சார்" என்றார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அன்று முழுக்க விரலில் நெய் வாசனை இருந்தது.

அடுத்த சீசனிலும் அதே நோட்டு, அதே முறை. மாற்றினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள்.

அல்சூர் ஸ்டேஷன்

போன மாதம் ஒரு முற்பகலில் அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனில் பையைச் சோதனை எந்திரத்தில் வைத்துவிட்டு நின்றேன். பெண்கள் வரிசையின் தடுப்புக்குப் பக்கத்தில், கையில் சோதனைக் கருவியோடு, செக்யூரிட்டி சீருடையில் ஒரு பெண். கால்களை அகட்டி, முழங்காலை லேசாக மடித்து நின்ற விதத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டேன். முகத்தைப் பார்த்தது பிறகுதான்.

அவளும் பார்த்தாள். "சார், அடுகோடி சார் தானே" என்று சிரித்தாள். டியூட்டி இரண்டு மணிக்கு முடியும் என்றாள். நான் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், ஏரிப் பக்கம் சுற்றிவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வந்தேன்.

ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை என்றாள். நாள் முழுக்க நிற்பதுதான் கஷ்டம், பழக்கமாகிவிட்டது என்றாள். இன்னும் நோட்டு எழுதுகிறீர்களா என்று கேட்டாள். ஓய்வு பெற்றதோடு நிறுத்திவிட்டேன் என்றேன்.

"மஞ்சுநாத் சார் அந்தப் பேப்பரைக் காமிச்சாரு சார். நாலு வாட்டி படிச்சேன்."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் ஓடறத வுட்டுட்டேன். என் ஆளோட மட்டும் நின்னேன். அடுத்த சீசன் உங்க நோட்டுல என் பேருக்குக் கோடே இல்ல, ஞாபகம் கீதா சார்? பேப்பர்ல கூடப் போட்டீங்க, பவானி டிஃபென்ஸ் நல்லா முன்னேறிக்கீதுன்னு."

நினைவிருந்தது. திங்கட்கிழமை இதழில் என் அரைப் பத்தியின் கடைசி வரி அது. அது தவறு என்று தெரிந்தே எழுதிய வரி. அந்த வருஷம் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதற்கு என்ன காரணம் என்று நான் எழுதவில்லை.

"பொண்ணுங்க எங்கூட சரியாப் பேசல சார். ஹெல்ப்புன்னு கத்துவாளுங்க, நான் போவ மாட்டேன். செல்ஃபிஷ் ஆயிட்டான்னு சொன்னாளுங்க. அந்த வருஷத்தோட நிறுத்திட்டேன்."

இதை அவள் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. தான் திருத்திக்கொண்டதைச் சொன்னாள். என் கணக்கை அவள் நம்பியிருந்தாள். தன் கால்களுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு அதை நம்பியிருந்தாள்.

நான் சொன்னேன்: "அந்தக் கணக்கு தப்பு பவானி. நீ அன்னைக்குக் கேட்டதுதான் சரி. வீடியோவில பார்த்தேன்."

"எப்போ பாத்தீங்க?"

"சனிக்கிழமை. திங்கட்கிழமைதான் கமிட்டி."

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். பேருந்து ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வேலையைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் சொல்ல என்னிடம் மாடியில் காய்ந்த துணியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அவள் கேட்டது வேறு.

"அப்ப நான் மொதல்ல ஆடினதுதான் சரியா?"

"சரி."

"ஓடுனது?"

"ஓடினதுதான் சரி."

தலையை ஆட்டிக்கொண்டாள். டீக்கடைக்காரரைப் பார்த்தாள், ஸ்டேஷன் படியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"இத எழுதிக் குடுங்க சார். அது மாதிரியே, கையெழுத்து போட்டு. டீம் பொண்ணுங்க வாட்ஸ்அப் குரூப் இன்னும் கீது. அதுல போடணும்."

எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு பக்க அறிக்கைக்கு நான் கையெழுத்துப் போட்டபோது அருகில் யாரும் இல்லை. இதற்குக் கையெழுத்துப் போடும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைப் பத்தி அச்சில் வந்ததால், திருத்தமும் அச்சில் வர வேண்டும். பெட்டிக்கு நானே போட்ட விதி இரண்டு விஷயம்தான் என்கிறது. இதில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்.

திருத்தம்

அடுகோடி பெண்கள் கூடைப்பந்து அணியின் பதினான்காம் எண் ஆட்டக்காரி பவானியின் தடுப்பாட்டத்தைப் பதிவுகள் உறுதி செய்யவில்லை என்று தேர்வுக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த சீசனில் அவருடைய தடுப்பாட்டம் முன்னேறியதாக நாளிதழிலும் எழுதினேன்.

இரண்டும் தவறு. அணியின் சிறந்த தடுப்பாட்டக்காரி அவர். அவர் பெயரில் எழுதப்பட்ட கூடைகளில் பெரும்பாலானவை மற்றவர்கள் விட்டவை; அவர் தடுக்க ஓடி வந்தவை. அடுத்த சீசனில் அவர் ஓடுவதை நிறுத்தியதற்குக் காரணம் என் கணக்கு.

தவறு எனக்குத் தெரிந்த நாள் சனிக்கிழமை. குழு கூடிய நாள் திங்கட்கிழமை.